அரசு பணத்துல கான்கிரீட் வீடு: பட்டாவுல ஆரம்பிச்சு கடைசி பில் வரைக்கும் எதுக்கப்புறம் எதைச் செய்யணும்

எங்க வீடு இப்படி ஒரு திட்டத்துலதான் எந்திரிச்சுச்சு. அதுக்கப்புறம் அக்கம்பக்கத்துல பல பேரோட சேர்ந்து விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) ஆபீஸ், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ், பேங்க்னு அலைஞ்சிருக்கேன். பாதியில நின்னுபோன வீடுகளைப் பாத்தா பெரும்பாலும் பணம் ஒதுக்காததால நிக்கல, வேலையை முன்னுக்குப் பின்னா செஞ்சதாலதான் நிக்குது. ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல போட்டுக்கங்க, அரசு பணம் வேலை முடிஞ்சதுக்கு அப்புறம்தான் வரும், அதுவும் ஸ்டேஜ் ஸ்டேஜா. கீழ சொல்ற எல்லாமே இந்த ஒண்ணுக்காகத்தான்.

1. எந்தத் திட்டம் உங்களுக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

தமிழ்நாட்டு கிராமத்துல குடிசையில இருக்கவங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு மாநில அரசோட கலைஞரின் கனவு இல்லம். 2024-25 பட்ஜெட்ல அறிவிச்சாங்க, 2030க்குள்ள 8 லட்சம் வீடு கட்டணும்னு இலக்கு, முதல் வருஷத்துக்கு 1 லட்சம் வீடு, 3,500 கோடி. கணக்குப் போட்டா ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம். குடிசையில குடியிருக்கணும், இடம் உங்களோடதா இருக்கணும், வேற எங்கயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. மாடு கட்டுறதுக்கோ கடை வைக்கவோ போட்ட குடிசைக்கு கிடைக்காது.

இன்னொண்ணு பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம், மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40னு போடுறது. சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், மலைப் பகுதிக்கு 1.30 லட்சம். இந்தப் பணத்துல கான்கிரீட் தளம் (மேல்கூரை) போட முடியாதுன்னு தமிழ்நாடு அரசு தளத்துக்குன்னு தனியா 1.20 லட்சம் சேர்த்துக் கொடுக்குது, அதனால இங்க 2.40 லட்சம் ஆகுது. திட்ட விதிப்படி 90 நாள் வேலைக் கூலியும், டாய்லெட்டுக்கு 12,000 ரூபாயும் தனியா உண்டு. முன்னாடி பைக் வச்சிருந்தா, ஃப்ரிட்ஜ் இருந்தா தகுதி இல்லன்னு இருந்துச்சு, 2024ல அதை எடுத்துட்டாங்க. மாச வருமான வரம்பையும் 10,000ல இருந்து 15,000 ஆக்கிட்டாங்க. பைக் இருக்குன்னு பழைய கதையைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்புனா இதைச் சொல்லுங்க.

டவுன்ல இருக்கவங்களுக்கு 2024 செப்டம்பர்ல ஆரம்பிச்ச நகர்ப்புற திட்டத்தோட ரெண்டாவது கட்டம் இருக்கு. சொந்த மனையில கட்டுறதா இருந்தா வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கணும், இந்தியாவுல எங்கயும் பக்கா வீடு இருக்கக் கூடாது, கடந்த 20 வருஷத்துல எந்த அரசு வீட்டுத் திட்டத்துலயும் பலன் வாங்கியிருக்கக் கூடாது. மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு குறைஞ்சது 1 லட்சம். லோன் போட்டு வாங்குறவங்களுக்கு வட்டி மானியம் இருக்கு, வருஷ வருமானம் 9 லட்சம் வரைக்கும் இருக்கலாம், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, லோன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம் மானியம், மொத்தமா அதிகபட்சம் 1.80 லட்சம், அதையும் 5 வருஷத் தவணையாத்தான் போடுவாங்க. ஒரே தடவையில லோன் கணக்குல விழும்னு நம்பி கணக்குப் போடாதீங்க.

ரெண்டு திட்டத்துக்கும் எழுதிப் போட்டு வைப்போம், எது வருதோ வரட்டும்னு நிறைய பேரு இருக்காங்க. மனு போடுறதுல தப்பில்ல, ஆனா ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான். ஒண்ணு உறுதியானதும் இன்னொண்ணை நீங்களே எழுதிக் கொடுத்து எடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டு லிஸ்ட்லயும் பேர் இருக்குன்னு சரிபார்க்கும்போது ரெண்டுமே நிக்கும்.

2. பட்டாவைத் தூசி தட்டுங்க, இதுதான் உண்மையான முதல் வேலை

பாதிப் பேர் விழுறது இந்த இடத்துலதான். "எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்கோம் தம்பி, எல்லாருக்கும் தெரியும்"னு சொல்வாங்க. உண்மைதான், ஆனா பட்டா தாத்தா பேர்லயே இருக்கும், அவரு போய் இருபது வருஷம் ஆகியிருக்கும், நாலு பிள்ளைங்க, அதுல ஒருத்தர் வெளியூர்ல இருப்பாரு.

இன்னைக்கே அரசோட இ-சர்வீசஸ் சைட்ல உங்க சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்க. யாரு பேரு வருதுன்னு பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி போங்க.

தாத்தா பேர்ல இருந்தா இ-சேவை மையத்துல வாரிசு சான்றிதழுக்குப் போடுங்க, தாத்தாவுக்கு மட்டும் இல்ல, அவரோட பிள்ளைங்கள்ல யாராவது தவறியிருந்தா அவங்களுக்கும் தனியா வேணும். அப்புறம் மத்த வாரிசுங்க கிட்ட விடுதலைப் பத்திரமோ (அவங்க பங்கை உங்களுக்கு விட்டுக் கொடுக்குறது) பாகப்பிரிவினைப் பத்திரமோ போட்டு சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், அதுக்கு மேலதான் பட்டா மாறுதல். இதை மாத்தி, முதல்லயே உங்க ஒருத்தர் பேருக்குப் பட்டா மாறுதல் மனுவைப் போட்டா ரிஜெக்ட்தான் ஆகும்.

கூட்டுப் பட்டாவா இருந்தா உட்பிரிவு பண்ணச் சொல்லி, அதாவது உங்க பங்கைத் தனியா அளந்து பிரிக்கச் சொல்லி மனு போடுங்க. சர்வேயர் வந்து அளக்கணும், அதனால மாசக்கணக்குல இழுக்கும். அளக்க வர்ற அன்னைக்கு பங்காளிங்க எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வைங்க, அன்னைக்கு வாயைத் திறக்காம இருந்தவங்க வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது வந்து மறிப்பாங்க.

நத்தத்துல (ஊர்க் குடியிருப்புக்குன்னு ஒதுக்குன நிலம்) இருந்தா நத்தம் பட்டா இருக்கான்னு பாருங்க. புறம்போக்குன்னா ஓடை, குளம், ரோடு, மேய்ச்சல் நிலம் மாதிரி ஆட்சேபணைக்குரிய புறம்போக்குல வீடு கொடுக்க மாட்டாங்க, ஆட்சேபணை இல்லாததா இருந்தா வரன்முறைப்படுத்தி பட்டா வாங்க வழி இருக்கு. வருஷா வருஷம் தாலுகா ஆபீஸ்ல நடக்குற ஜமாபந்தியில இதுக்கு மனு கொடுங்க, கொடுத்த மனுவுக்கு எண் போட்ட ரசீதை வாங்காம வராதீங்க.

3. பேங்க் அக்கவுண்டை இப்பவே சோதிச்சுப் பாருங்க

பாஸ்புக் இருக்கு, அது போதும்னு நினைக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல போடாம எடுக்காம விட்ட அக்கவுண்ட் முடங்கியிருக்கும். ஜீரோ பேலன்ஸ்ல முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுக்காம திறந்த ஸ்மால் அக்கவுண்டா இருந்தா வருஷத்துக்கு மொத்தமே 1 லட்சம்தான் உள்ள வரலாம், 50,000க்கு மேல இருப்பு நிக்கக் கூடாது. வீட்டுப் பணம் வந்தா திரும்பிப் போயிடும். பேங்க்ல போய் "இது எந்த வகை அக்கவுண்ட், கேஒய்சி முழுசா இருக்கா"ன்னு வாயைத் திறந்து கேளுங்க.

ஆதார் வழியா அனுப்புற பணம் நீங்க ஃபாரத்துல எழுதுன அக்கவுண்டுக்குத்தான் போகும்னு இல்ல, கடைசியா எந்த பேங்க்ல ஆதாரை மேப் பண்ணியிருக்கோ அங்க போகும். ஒரு அக்கா மூணு மாசமா பணம் வரலன்னு அலைஞ்சாங்க, கடைசியில பாத்தா குழுக் கடனுக்காக வேற பேங்க்ல ஒரு அக்கவுண்ட் திறந்திருக்காங்க, அங்க ஆதார் மாறியிருக்கு, பணம் அதுலதான் விழுந்து கிடந்துச்சு. அவங்க மறந்தே போன அக்கவுண்ட் அது.

ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் நாலுலயும் பேரும் இனிஷியலும் ஒண்ணா இருக்கான்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மத்திய அரசுத் திட்டத்துல வீட்டை மனைவி பேர்லயோ ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்தோதான் கொடுக்கணும்னு விதி, அதனால வீட்டுக்காரம்மா பேப்பரையும் சேர்த்துச் சரி பண்ணுங்க. கடன் பாக்கி இருக்குற பேங்க்ல இந்தப் பணத்தை வாங்காம இருக்குறது நல்லது.

4. லிஸ்ட்ல பேரு இருக்கான்னு பாருங்க, கிராம சபையில பேசுங்க

குடிசைக் கணக்கெடுப்பு எடுத்துதான் லிஸ்ட் போடுறாங்க. மத்திய திட்டத்துக்கு 2018லயும், அதுக்கப்புறம் 2024ல ஆரம்பிச்ச புது கணக்கெடுப்புலயும் பேர் ஏத்துனாங்க. ஊராட்சிச் செயலர்கிட்ட போய் ரெண்டு லிஸ்ட்டையும் காட்டச் சொல்லி உங்க பேரும் வரிசை எண்ணும் என்னன்னு குறிச்சுட்டு வாங்க. "இருக்கு இருக்கு"ங்கிற வார்த்தை மட்டும் பத்தாது, எண் வேணும்.

பேரு இல்லன்னா கிராம சபைதான் இடம். வருஷத்துக்கு 6 நாள் நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவை ரெண்டு காப்பி எழுதிட்டுப் போங்க, ஒண்ணைக் கொடுத்து இன்னொண்ணுல கையெழுத்து வாங்குங்க, தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லி அங்கயே நின்னு பாருங்க. கூட்டத்துல வாயால சொல்லிட்டு வந்தது எங்கயும் பதிவாகாது. தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் பொறுப்புல இருக்குற ஊராட்சியா இருந்தா மனுவை நேரா பிடிஓ ஆபீஸ்லயும் ஒண்ணு கொடுத்துடுங்க.

யாராவது "பேரு போட இவ்வளவு"ன்னு கேட்டா கொடுக்காதீங்க. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. அதுவும் இல்லாம அந்த ஆளுக்குக் கொடுக்குற பணம் உங்க பேஸ்மெண்ட்டுக்கு (வீட்டுத் தரை மட்டம் வரைக்குமான அடித்தளம்) வச்சிருந்த பணம்.

5. ஒர்க் ஆர்டர் (வீடு கட்டச் சொல்லி வர்ற அரசு ஆணை) கைக்கு வர்ற வரைக்கும் குடிசையைப் பிரிக்காதீங்க

நாங்க செஞ்ச தப்பு இது. லிஸ்ட்ல அப்பா பேரு வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டதும், அடுத்த வாஸ்து நாள் நல்லா இருக்குன்னு குடிசையைப் பிரிச்சுட்டோம். ஒர்க் ஆர்டர் வர்றதுக்கு நாலு மாசம் ஆச்சு. ஐப்பசி மழை முழுக்க தார்ப்பாய்க்கு அடியில இருந்தோம், ராத்திரி மழை வந்தா அம்மா அரிசி டின்னைத்தான் முதல்ல தூக்குவாங்க. அதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு, யாரும் அப்படி இருக்க வேணாம்னுதான் இவ்வளவு எழுதுறேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. நீங்க இருக்குற குடிசையையும் கட்டப்போற இடத்தையும் ஆபீஸ்ல இருந்து வந்து ஆப்ல போட்டோ எடுப்பாங்க, அந்த இடம் எதுங்கிறதும் அதுலயே பதிவாகும். குடிசையே இல்லன்னா எதைக் காட்டுவீங்க? போட்டோ எடுத்த அப்புறம் வாஸ்து பாத்து வீட்டை மனையோட வேற பக்கத்துக்கு மாத்துறதுன்னா முதல்ல ஓவர்சியர்கிட்ட (கட்டட வேலையைப் பாத்து அளக்குற பிடிஓ ஆபீஸ் ஊழியர்) சொல்லிட்டு மாத்துங்க.

ஆர்டர் வந்ததும் அதுல இருக்குற பேரு, அக்கவுண்ட் எண், வீட்டு அளவு, எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவுன்னு நிதானமா படிங்க. தப்பு இருந்தா அன்னைக்கே சொல்லுங்க, முதல் பில் (உங்க பணத்தை விடச் சொல்லி ஆபீஸ்ல போடுற கணக்கு) போன பிறகு மாத்துறது பெரும்பாடு.

6. அளவைக் கூட்டாதீங்க

கனவு இல்லத்துக்கு சமையல் இடத்தையும் சேர்த்து 360 சதுர அடி. அதுல 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம், மிச்சம் 60க்கு தீப்பிடிக்காத வேற பொருள் போட்டுக்கலாம், ஓலையோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ கூடாது. மத்திய திட்டத்துக்கு குறைஞ்சது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி.

3.5 லட்சத்தை 360ஆல வகுத்தா சதுர அடிக்கு சுமார் 970 ரூபா வருது. எந்த மேஸ்திரியும் இந்த ரேட்டுக்கு வர மாட்டாரு. அப்போ 360லயே உங்க கைக்காசும் உங்க உழைப்பும் போட்டாத்தான் முடியும். இந்த நிலைமையில "கட்டுறதே ஒரு தடவைதான், கொஞ்சம் பெருசா கட்டிடலாம்"னு ஒரு பேச்சு வரும் பாருங்க, அதுதான் வீட்டை லிண்டல்ல (கதவு ஜன்னலுக்கு மேல போடுற கான்கிரீட் பட்டை) நிறுத்துறது.

ஏன்னு கணக்காவே பாக்கலாம். 18க்கு 20 வீடு, சுத்துச்சுவர் 76 அடி. அதையே 24க்கு 25ன்னு எடுத்தா 600 சதுர அடி, சுத்துச்சுவர் 98 அடி. சுவர்ல கூடுனது மூணுல ஒரு பங்கு கூட இல்ல, அதனால பேஸ்மெண்ட் போடும்போதும் சுவர் ஏத்தும்போதும் பெருசா செலவு தெரியாது, சமாளிச்சுட்டோம்னு தோணும். தளம் போடப் போகும்போதுதான் தெரியும், 300 சதுர அடிக்குப் போட வேண்டிய கான்கிரீட் 600க்குப் போடணும். கம்பி, சிமெண்ட், ஜல்லி, சென்ட்ரிங் வாடகை எல்லாம் டபுள், அரசு கொடுக்குற தளப் பணம் மட்டும் அதே பணம். தளம் போடாம அடுத்த பில் வராது, பில் வராம தளம் போட முடியாது. அப்படியே நிக்கும்.

பின்னாடி ஒரு ரூம் எடுக்கணும்னு ஆசை இருந்தா அந்தப் பக்கச் சுவத்துல ஒரு கதவு அளவுக்கு இப்பவே லிண்டல் போட்டு அந்த இடத்தை செங்கல்லால அடைச்சு வைங்க. பிள்ளைங்க சம்பாதிச்ச பிறகு செங்கல்லை எடுத்துட்டு ரூம் சேர்த்துக்கலாம். இதுக்கு இப்போ ஆகுற செலவு ரொம்பக் கம்மி.

7. முதல் ஸ்டேஜுக்கான காசு கையில இருந்தா மட்டும் வானம் தோண்டுங்க

பேஸ்மெண்ட், லிண்டல், தளம், அப்புறம் முழுசா முடிச்சதுன்னு நாலு கட்டமா பணம் வரும். முதல் கட்டத்தை உங்க காசுல முடிச்சாத்தான் முதல் பணம். முடிச்ச அன்னைக்கே வராது, ஓவர்சியர் வந்து பாத்து, போட்டோ ஏறி, பில் போட்டு வர்றதுக்கு வாரங்கள் ஆகலாம், நிதி வர்றது லேட்டானா மாசமும் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்குற அளவுக்கு காசு வேணும்.

இல்லாதவங்க என்ன பண்றது? வட்டிக்கு வாங்குறதுதான் எல்லாரும் பண்றது. 50,000 ரூபாயை 5 வட்டிக்கு வாங்குனா மாசம் 2,500, பணம் நாலு மாசம் இழுத்தா 10,000 போச்சு, அது சாமானா வாங்குற காசு. அதுக்குப் பதிலா மகளிர் குழுக் கடன் கேளுங்க. மத்திய திட்டத்துல 70,000 வரைக்கும் குறைஞ்ச வட்டியில பேங்க் லோனுக்கு வழி இருக்கு, அதையும் ஆபீஸ்ல கேளுங்க. செங்கல், எம்-சாண்ட் கடன்ல எடுத்தா அந்த ஸ்டேஜுக்கு மட்டும் எடுங்க, பில் வந்ததும் தீர்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க.

மொத்தமா ஒரு காண்ட்ராக்டர்கிட்ட "நீங்களே கட்டிக் கொடுங்க, பணம் வந்ததும் எடுத்துக்கங்க"ன்னு பாஸ்புக்கைக் கொடுத்துடாதீங்க. மத்திய திட்டத்துல காண்ட்ராக்டர் வைக்கவே கூடாதுன்னு விதி இருக்கு. அவரு பணம் வர்ற ஸ்டேஜ் வரைக்கும் வேகமா கட்டிட்டு பூச்சு வேலைக்கு வர மாட்டாரு, நான் பாத்த கதை இது. கொத்தனாருக்கு சம்பளமாவோ ஸ்டேஜுக்கு இவ்வளவுன்னோ பேசுங்க.

8. சிமெண்ட்டும் கம்பியும் எப்போ எடுக்கணும்

சிமெண்ட்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றிய ஆபீஸ்ல (பிடிஓ ஆபீஸ்) இருந்தே கொடுப்பாங்க, அதோட விலையை உங்க பில்லுல கழிச்சுப்பாங்க. இது தெரியாம, கைக்கு வர்ற தொகை கம்மியா இருக்கேன்னு சண்டைக்குப் போனவங்க உண்டு. எத்தனை மூட்டை, எத்தனை கிலோ எடுத்தீங்கன்னு ஒரு நோட்டுல தேதியோட எழுதி வைங்க, பில்லுல கழிச்சது அதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க.

மொத்த மூட்டையையும் ஒரே நேரத்துல எடுத்துட்டு வராதீங்க. மூணு மாசம் கிடந்தா சிமெண்ட்டோட வலு குறைஞ்சிடும், மூட்டை ஓரத்துல கட்டி தட்டும். பக்கத்துல ஒரு வீட்டுல அப்படி இறுகிப்போன மூட்டையை கடப்பாரையால உடைச்சு, சலிச்சு, பூச்சுக்குப் போட்டாங்க, அடுத்த மழைக்கே சுவர்ல கைய வச்சா பொலபொலன்னு உதிருது. எடுத்ததைப் பலகை மேல, சுவர்ல ஒட்டாம அடுக்குங்க.

தளம் போட்ட பிறகு பாத்தி கட்டி குறைஞ்சது 10 நாள் தண்ணி நிக்கணும். வெயில் காலத்துல தண்ணி இல்லன்னா தளத்தைத் தள்ளிப் போடுங்க, தண்ணி பத்தாத தளம் பின்னாடி ஒழுகும்.

9. ஒவ்வொரு ஸ்டேஜும் முடிஞ்ச அன்னைக்கே சொல்லுங்க

ஓவர்சியருக்குப் பல ஊரு, அவரா வந்து பாப்பாருன்னு காத்திருக்காதீங்க. ஸ்டேஜ் முடிஞ்ச அன்னைக்கே போன் பண்ணுங்க, உங்க போன்லயும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க. யாரு பேர்ல வீடோ அவங்க அன்னைக்கு ஊர்ல இருக்கணும், வீட்டு முன்னாடி நிக்க வச்சுத்தான் எடுப்பாங்க. கொஞ்சம் குறை இருக்கும்போதே கூப்பிட்டா திரும்பிப் போயிடுவாரு, மறுபடி வர்றதுக்கு உங்களுக்குத்தான் நாள் போகும். கடைசி போட்டோவுக்குப் பூச்சு, கதவு, ஜன்னல் எல்லாம் முடிஞ்சிருக்கணும். கடைசி பணம் சின்னதுதானேன்னு கதவு வைக்காம குடிபோனவங்க அந்தப் பணத்தை இன்னும் வாங்கல. மத்திய திட்டத்துல ஆர்டர் ஆன நாள்ல இருந்து 12 மாசத்துக்குள்ள முடிக்கணும்ங்கிறதையும் கவனத்துல வைங்க.

10. பணம் நின்னுபோனா

முதல்ல எங்க நிக்குதுன்னு கண்டுபிடிங்க. போட்டோ ஏறலையா, பில் போடலையா, பில் போட்டும் நிதி வரலையா, இல்ல பணம் போய் பேங்க்ல திரும்பியிருக்கா? பிடிஓ ஆபீஸ்ல வீட்டுப் பிரிவுல கேட்டா சொல்லணும். மத்திய திட்டத்துக்குப் பதிவு எண்ணை வச்சு ஆன்லைன்லயே பாக்கலாம். இது தெரியாம மனு போட்டா "விசாரித்து நடவடிக்கை"ன்னு ஒரு வரியில பதில் வரும், அவ்வளவுதான்.

அப்புறம் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். மனுவுல பதிவு எண், எந்த ஸ்டேஜ், எந்த தேதியில போட்டோ எடுத்தாங்க, எவ்வளவு பாக்கின்னு நாலு வரி போதும், போட்டோ பிரிண்ட்டை இணைங்க. 1100க்கு போன் பண்ணியும் பதிவு பண்ணலாம். அதுக்கும் அசையலன்னா 10 ரூபா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல "என் பில் எந்த தேதியில யாருக்கு அனுப்பப்பட்டது"ன்னு கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். இந்த ஒரு கேள்விக்கே ஃபைல் நகர்ந்ததை ரெண்டு மூணு தடவை பாத்துட்டேன்.

மனு ரசீது, ஒர்க் ஆர்டர், சிமெண்ட் கம்பி நோட்டு, போட்டோ எல்லாத்தையும் ஒரே பையில வைங்க. குடிசையில இருக்குற வரைக்கும் அந்தப் பையை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, பக்கத்துல ஓட்டு வீடோ மாடி வீடோ இருக்குறவங்ககிட்ட கொடுத்து வைங்க.